வாசல்தோறும் தரை

ஆற்றங்கரையை விட்டு வந்த ஜனங்களுக்கு ஒரு ஊர் கொடுத்தார்கள், அந்த ஊரில் யார் வீட்டு வாசலிலும் தரை இல்லை. எட்டு எட்டு மாடியாக இருபது கட்டடம், எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எது தன் வீடு என்று தெரியாமல் முதல் மாசம் முழுக்க ஆம்பளைகள் அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டித் திட்டு வாங்கினார்கள், கொடியில் தொங்குகிற துணியைப் பார்த்துத்தான் பெண்பிள்ளைகள் தங்கள் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். ஆறு முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அதன் நாற்றம்கூட இங்கே வராது. வராதது நல்லதுதானே என்று சொன்னவர்களுக்கும் மழைக்காலம் வந்ததும் மூக்கு அதைத் தேடியது.

எஃப் பிளாக்கில் ஐந்தாவது மாடியில் பவளக்கொடி இருந்தாள். பவளம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். நாலு பேர் சேர்ந்து நின்றால் சுவரோரமாய் ஒதுங்கிப் போகிற பெண், ரேஷன் கடையில் தன் முறை வந்தாலும் பின்னால் நிற்கிறவளை முன்னே விட்டுவிடுகிற பெண். புருஷன் ஏகாம்பரம் மீன் மார்க்கெட்டில் பெட்டி தூக்கினான். மூத்தது தன்ஷிகா, நாலு வயசு. சின்னது பிறந்து அப்போது இருபது நாள்.

ஆற்றங்கரையில் வாசல் என்றால் தரை. கதவைத் திறந்தால் மண், மண்ணில் கோழி, கோழியைத் துரத்திக்கொண்டு தன்ஷிகா. நடக்கத் தெரிந்த நாளில் இருந்து அவளுக்கு வாசலைத் தாண்டினால் ஓட்டம்தான், இடது காலைக் கொஞ்சம் வெளியே வீசி வீசி ஓடுவாள். இங்கே குடிவந்த ஆறாம் நாள், ஆடி மாசத்துக் காலை, சின்னது அப்போதுதான் கண் அசந்திருந்தது. பவளம் பெரியவளைப் பார்த்து, "தங்கச்சி தூங்கறா, நீ வெளிய போய் விளையாடுமா" என்றாள். ஆற்றங்கரையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்ன வார்த்தை அது. பிள்ளையும் ஆற்றங்கரையில் ஓடுகிற மாதிரியே ஓடினாள். வராண்டாக் கோடியில் இன்னும் கம்பி பொருத்தாமல் ஒரு ஆள் அகலம் விட்டுவைத்திருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கமும் தரை இருக்கும் என்று நினைத்துவிட்டாள். தரை இருந்தது, ஐந்து மாடிக்குக் கீழே.

பல் விழாத பிள்ளைக்கு மேளம் கிடையாது. வாசலில் பந்தல் கிடையாது, பதினாறாம் நாள் கிடையாது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பெற்றவள் ஒப்பாரி வைத்தால் அதுக்கு ஆகாது என்று பெண்கள் பவளத்தின் வாயில் முந்தானையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். ஏகாம்பரம் பிள்ளையை ஒரு துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான், மத்தியானத்துக்குள் வெறுங்கையோடு வந்தான். அவ்வளவுதான். மறுவாரம் அந்த இடத்தில் கம்பி வந்தது. மற்ற கம்பியெல்லாம் சாம்பல் நிறம், அந்த ஒரு துண்டு மட்டும் பச்சை.

அதற்கப்புறம் இருபது பிளாக்கிலும் ஒருத்தியும் தன் பிள்ளையை 'வெளிய போய் விளையாடு' என்று சொல்லவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவு பண்ணியது இல்லை, வார்த்தை தானாகவே நின்றுபோனது. 'கீழ போ' என்றார்கள், 'அண்ணன் கூட போ' என்றார்கள், வாய் தவறிப் பாதி வந்துவிட்டால் மீதியை முழுங்கிக்கொண்டு எஃப் பிளாக் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். பவளம் தன் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருந்தாள். ஏகாம்பரம் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வேறு வார்த்தையும் அதிகம் சொல்லவில்லை.

தை மாசம் வளவன் வந்தான். முப்பது வயசு இருக்கும், ஒல்லி, ஓவியக் கல்லூரியில் படித்தவன். வாடகை குறைச்சல் என்று இங்கே ஒரு வீடு எடுத்தவன், படம் பெரிசாகப் போடணும், இடம் பத்தாது என்று குடியிருப்புச் சங்கத்தில் கேட்டு, திறந்த நாளில் இருந்து பூட்டியே கிடந்த சமுதாயக் கூடத்துச் சாவியை வாங்கிக்கொண்டான். அவன் வரைந்தது எல்லாம் இனிமேல் வரப்போகிற ஊர்கள். இருநூறு வருசம் கழித்து, முந்நூறு வருசம் கழித்து எப்படி வீடு இருக்கும், எப்படித் தெரு இருக்கும் என்று மெல்லிசுப் பேனாவால் ஜன்னல் ஜன்னலாகக் கோடு போட்டு, மேலே தண்ணீர் வண்ணம் தீட்டுவான். ஆள் மட்டும் வரைய மாட்டான். கேட்டால், "எனக்கு மனுசங்க வராது" என்று சிரிப்பான். இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்தப் படமானாலும் கீழ் மூலையில் உள்ளங்கை அகலம் வெள்ளையாகவே விட்டுவைப்பான். எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த இடத்தில் பேரை எழுதுவான். அதுவரைக்கும் படத்துக்கு மூச்சு விட ஒரு ஓட்டை வேண்டும் என்பான்.

கூடத்தைப் பெருக்கித் தண்ணீர் பிடித்து வைக்கிற வேலையைச் சங்கத்தில் பவளத்துக்குக் கொடுத்தார்கள். அவளும் சின்னதை இடுப்பில் துணியால் கட்டிக்கொண்டு காலையில் போவாள், வருவாள். அவனிடம் பேசியது இல்லை.

பங்குனியில் அவன் வரைந்த முதல் படத்தில் டி பிளாக் கன்னியப்பன் வந்தார். கன்னியப்பன் மார்கழியில் செத்துப்போனவர். கம்பம் மாதிரி நீண்ட ஒரு கட்டடத்தின் நாற்பதாவது மாடி ஜன்னலில், ஒரு மிளகு அளவுக்கு, வழக்கமான கட்டம் போட்ட லுங்கியோடு வந்து நின்று தம்ளரைத் தூக்கினார். அவர் மகன் துலுக்காணம் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவன். கண்ணில் இடுக்குகிற குண்டுக் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "எங்க நைனாதான். மீசையப் பாரு, ஒரு பக்கம் எறங்கி" என்றான். பேர் எழுதினால் உள்ளே இருக்கிறவர் நின்றுபோவார் என்று வளவனுக்கு அப்போது தெரியாது. அவன் அதற்கு முந்தின நிமிசம்தான் வெள்ளை விட்ட இடத்தில் தன் பேரை எழுதி முடித்திருந்தான். பேர் காயக் காயப் படமும் காய்ந்தது, தம்ளர் வாய்க்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது, நின்றதுதான். துலுக்காணம் தினம் கடைக்குப் போகும்போது வந்து பார்த்துவிட்டுப் போவான். "இன்னும் குடிக்கலபா" என்பான். ஊர் அதையும் பழகிக்கொண்டது. செத்தவர் ஜன்னலில் நிற்கிறதைவிட இவன் வேலைக்கு நேரத்தில் போகிறதுதான் அதிசயம் என்று சிரித்தார்கள்.

சித்திரைக் கடைசியில் பெரிய படம் தொடங்கினான். எட்டு பலகையை ஒட்டி, அதன்மேல் தாள் ஒட்டி, சுவர் நீளத்துக்கு ஒரு ஊர். நடுவில் ஆறு, தெளிவான ஆறு, அதன் குறுக்கே ஒரு பாலம். இரண்டு பக்கமும் மலை மாதிரி அடுக்கடுக்காய் வீடுகள். ஆனால் எந்த மாடியில் இருந்து கதவைத் திறந்தாலும் வாசலில் மண், மண்ணில் ஒரு செடி, அங்கேயிருந்து சரிவாய் இறங்குகிற தெரு, அந்தத் தெரு சுற்றிச் சுற்றி ஆற்றில் போய் முடிகிறது. ஐம்பதாவது மாடியிலும் அப்படித்தான். பெருக்க வந்த பவளம் அதைப் பார்த்துவிட்டு விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

வளவன் திரும்பாமலே சொன்னான். "எஃப் பிளாக்ல ஒரு கம்பி மட்டும் பச்சையா இருக்கேன்னு கேட்டேன். சொன்னாங்க."

அவள் மீதியைப் பெருக்கிவிட்டுப் போனாள். மறுநாள் காலை வாளியோடு வந்தபோது, பதினோராவது மாடி வாசலில், ஒரு அரிசி அளவுக்கு, தன்ஷிகா கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். முகம் தெரிகிற அளவில்லை. ஆனால் இடது காலை வெளியே வீசி வீசி ஓடுகிற ஓட்டம் உலகத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் உண்டு. பவளம் கத்தவில்லை. வாளியை இறக்கி வைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"நான் ஆளே வரையலம்மா" என்றான் வளவன், பயந்துபோய்.

"தெரியும்ணா" என்றாள் பவளம். அதுதான் அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

அன்றைக்கு தன்ஷிகாவுக்கு நாலு வயசு. மறுநாள் ஐந்து. அதற்கு மறுநாள் கையில் பையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். இங்கே ஒரு நாள் என்றால் அங்கே ஒரு வருசம் என்று மூன்றாம் நாளே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, பார்க்க எந்த நேரம் வசதி என்றுதான் கேட்டார்கள். சங்கத்தில் கூடி, காலையில் பொம்பளைங்க, சாயந்திரம் ஆம்பளைங்க, எண்ணெய்க் கையோடு யாரும் படத்தைத் தொடக்கூடாது, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சண்டை போடக்கூடாது என்று அட்டையில் எழுதி மாட்டினார்கள். டீக்கடைக்காரர் தள்ளுவண்டியைக் கூடத்து வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். கன்னியப்பன் கண்ட பலனை நினைத்து, வெள்ளை விட்ட இடத்தை யாரும் தெரியாமல் தொட்டுவிடக் கூடாது என்று அதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டார்கள்.

பக்கத்து வீட்டு ருக்கு அக்காதான் எல்லாச் சேதியையும் கொண்டுவருகிறவள். மீன் விற்கிறவள், ஐந்தாவது மாடியில் இருந்து பேசினால் எட்டாவது மாடியில் பதில் வரும். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் ஒப்பாரி அவள் குரலில்தான் தொடங்கும்.

"இன்னாடி பவளம், உன் பொண்ணு இன்னிக்கு மஞ்ச பாவாட கட்டிக்கினு பாலத்து மேல நிக்கிறா, நீ இன்னா இங்க அரிசி களைஞ்சுக்கினு கீற?"

"வரேன்க்கா."

"பல்லு முன்னாடி ரெண்டு விழுந்திட்ச்சு. கண்ணாடி வச்சுப் பாத்தேன். சிரிக்கிறா பாரு, ஓட்ட வாயி."

பவளம் அரிசியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். துலுக்காணத்தின் குண்டுக் கண்ணாடி இப்போது கூடத்திலேயே ஒரு கயிற்றில் தொங்கியது. அதைக் கண்ணில் வைத்து, பல் விழுந்த இடத்தை வெகுநேரம் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் அந்த வாசலில் பச்சை ஓலையில் சின்னதாய் ஒரு குடிசை கட்டியிருந்தார்கள். பார்த்தவுடன் பெண்களுக்குத் தெரிந்துவிட்டது. ருக்கு அக்கா உளுத்தங்களி கிண்டினாள், பவளத்தின் தம்பி தாய்மாமன் முறைக்குத் தட்டில் பாவாடை, தாவணி, வளையல், பழம் வைத்துக் கூடத்துக்கு எடுத்துவந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு அசட்டுச் சிரிப்பு சிரித்தான். பதினாறாம் நாள் அந்தப் பெண் பாலத்தில் ஒரு உயரமான பையனோடு நின்று பேசினாள். மறுநாளும் அவனோடுதான். ஊர் முழுக்க அதே பேச்சு. "யாரு பெத்த புள்ளையோ, முடியப் பாரு, கூடு கட்டி வச்ச மாரி" என்றார்கள். "நெட்டையா இருந்தா இன்னா, நம்ப பொண்ண நல்லா வச்சுக்கினா சரி" என்றார்கள். பவளம் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பு வந்தது அவளுக்கு, பத்து மாசத்தில் முதல் தடவை. வந்த சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் சின்னதின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஏகாம்பரம் மட்டும் வரவில்லை. வேலை முடிந்து வந்தால் கூடத்துப் பக்கம் போகாமல், பின்பக்கம் குப்பைத் தொட்டி வழியாகச் சுற்றிக்கொண்டு மாடி ஏறினான்.

கல்யாணம் நடந்த அன்றைக்கு வளவன் பவளத்தை ஓரமாய்க் கூப்பிட்டான். கையில் பிரஷ் இருந்தது.

"பவளம்மா, நீ ஒரு வார்த்த சொன்னா இப்பவே பேர எழுதிடறேன். மாலையும் கழுத்துமா அப்படியே நிப்பா. எத்தன வருசம் ஆனாலும் நிப்பா."

பெண்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இதுதான் நேரம், நிறுத்திடு என்றாள் ஒருத்தி. நிறுத்தினா கன்னியப்பன் கதி ஆகிடும், தாலி கட்டற கை கழுத்தாண்டயே நிக்கும் என்றாள் ஒருத்தி. பவளம் வாயைத் திறந்து, மூடி, கடைசியில் மெதுவாய்ச் சொன்னாள். "ஒரு புள்ள பொறக்கட்டும்ணா."

பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. அது நடக்கட்டும் என்றாள். நடந்தது. இரண்டாவது பிள்ளை பிறந்து, அதுவும் வாசல் மண்ணில் இறங்கி ஓடியது. பள்ளிக்கூடம் போகட்டும் என்றாள். ஒவ்வொரு நாளும் இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது.

நடுவில் ஒரு நாள், அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயசு. பவளத்துக்கும் இருபத்தாறு. அன்றைக்குப் பவளம் காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டாள். அங்கே அவள் வாசலில் உட்கார்ந்து ஈரத் தலையைச் சிக்கு எடுத்தாள், இங்கே இவள் தன் தலையை அவிழ்த்துச் சிக்கு எடுத்தாள். நெற்றி அவன் நெற்றி, ஏகாம்பரத்தின் நெற்றி. கழுத்து தன் கழுத்து. அந்த ஒரு நாள் முழுக்க இரண்டு பேரும் தோழிகள் மாதிரி, ஒருத்தி பார்ப்பது இன்னொருத்திக்குத் தெரியாமல் இருந்தார்கள். மறுநாள் மகள் ஒரு வயசு மூத்தவளாகிவிட்டாள். அன்றையில் இருந்து பவளத்துக்கு அவளை நேராய்ப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பெரிய மனுஷிகள் முன்னால் வருகிற கூச்சம் அது. கூடத்துக்குள் நுழையும்போது முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

ஆனி பிறந்தது. படத்தைக் காட்சிக்கு வைக்க வேண்டியவர்கள் போன் மேல் போன் போட்டார்கள். "இன்னும் காயல சார்" என்றான் வளவன். தேதி வந்தது, போனது. போனும் நின்றது. அவன் ஊரை வரைந்து முடித்து எத்தனையோ நாளாகிவிட்டது. அந்த உள்ளங்கை அகல வெள்ளையைத் தவிர வரைய ஒரு இடம் பாக்கி இல்லை. ஆனாலும் தினம் வந்து, பிரஷைக் கழுவி, துடைத்து, திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான்.

அங்கே அந்த நெட்டைப் பையன் கிழவனாகி ஒரு நாள் காணாமல் போனான். அவள் வாசலில் வெள்ளைப் புடவையோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். முடி நரைத்திருந்தது. ஓட்டம் போய் நடையாகி, நடையும் தடுமாறியது, இடது காலைத்தான் கொஞ்சம் வெளியே வீசி வைத்தாள். வயசு எழுபதாகி, எழுபத்தைந்தாகி, எண்பதைத் தொட்டது. இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் தெரியும், அவளுக்கும் தெரியும். காலையில் கூடத்துக் கதவைத் திறக்கிற முன்னால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, ஏகாம்பரம் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"எழுதச் சொல்லிடு."

பவளம் கரண்டியோடு நின்றாள்.

"எனக்குத் தெரியும். தெனம் மார்க்கெட்ல சொல்றானுங்க, இன்னிக்கு உன் பொண்ணு இத செஞ்சா, அத செஞ்சான்னு. நான் பாக்கல, ஆனா எல்லாம் தெரியும். இப்ப எண்பது தாண்டிட்ச்சு. ரெண்டாவது வாட்டி என்னால தூக்க முடியாது பவளம். நிறுத்தச் சொல்லிடு."

"நான் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"ஒரு வாட்டி என் வாயாலதான போச்சு." அவள் குரல் சின்னதாகத்தான் வந்தது, ஆனால் நிற்காமல் வந்தது. "வெளிய போய் விளையாடுன்னு நான்தான சொன்னேன். நாலு வருசத்தோட அறுத்துட்டேன். இப்பதான் மீதிய வாழ்ந்துக்கினு கீறா. திரும்ப என் வாயாலயே, போதும், அங்கியே நில்லுன்னு சொல்லச் சொல்றியா? கன்னியப்பன் மாரி தம்ளரத் தூக்கிக்கினு நிக்கச் சொல்றியா? அவ பாக்கிய அவ முடிக்கட்டும்."

ஏகாம்பரம் சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான்.

"உன் வாயால போவல" என்றான். "அன்னிக்குக் காலைல வேலைக்குக் கெளம்பசொல்ல அந்த எடத்தப் பாத்தேன். கம்பி இல்லாம கீதேன்னு பாத்தேன். குறுக்கால கட்டலாம்னு கயிறு ஒண்ணு கையில எடுத்தேன். லாரி வந்திட்ச்சுன்னு போன் வந்தது. சாயந்திரம் வந்து கட்டிக்கலாம்னு போய்ட்டேன்." கையைத் தட்டிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தான். "அந்தக் கயிறு இன்னும் என் பாக்கெட்ல கீது."

ஒரு வருசமாய் அந்த வீட்டில் பேசாமல் கிடந்தது என்ன என்று பவளத்துக்கு அப்போது தெரிந்தது. அவள் கரண்டியை வைத்துவிட்டு, அவன் பக்கத்தில், தோள் படுகிற மாதிரி உட்கார்ந்தாள். சோறு ஆறிப்போனது. சின்னது தவழ்ந்து வந்து தட்டில் கையை வைத்தது.

பவளம் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்ற சேதி சாயந்திரத்துக்குள் இருபது பிளாக்கும் போய்விட்டது. துலுக்காணம் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து வளவன் முன்னால் நின்றான்.

"சார், எங்க நைனா படத்துல எழுதின பேர சொரண்டிடு சார். அவரும் குடிச்சிட்டுப் போவட்டும்."

வளவன் பிளேடை எடுத்து, தன் பேரை ஒவ்வொரு எழுத்தாய்ச் சுரண்டினான். தாள் வெள்ளையானதும் கன்னியப்பன் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோய், அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, புறங்கையால் மீசையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். துலுக்காணம் காலி ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "பாவம், எவ்ளோ தாகமோ" என்றான். பிறகு குந்தி உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை, கூடத்தைத் திறந்தால், பதினோராவது மாடி வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அந்த ஊரிலும் பந்தல் நம் ஊர் பந்தல் மாதிரியே இருந்தது. எறும்புச் சாரை மாதிரி ஜனம் அந்தச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. பவளம் கண்ணாடியை எடுக்கவில்லை. எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ருக்கு அக்கா வந்து பார்த்தாள். இடுப்பில் கையை வைத்து நின்றாள். பிறகு திரும்பி, இருபது பிளாக்குக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எண்பத்தாறு வயசு! ரெண்டு புள்ள, அஞ்சு பேரன் பேத்தி, கொள்ளுப் பேரன் எடுத்த கட்ட! இது கல்யாண சாவுடி! போன வருசம் துண்டுல சுத்தித் தூக்கினு போனோம். இன்னிக்கும் மேளம் இல்லாம அனுப்பினா நாம மனுசங்களா?"

அதற்கப்புறம் யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆற்றங்கரையில் கூட இருந்து இப்போது வேறு ஊருக்குப் போய்விட்ட மேளக்காரர்கள் இரண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கூடத்து வாசலில் சாமியானா கட்டினார்கள். சாமந்தியும் அரளியும் கூடை கூடையாய் வந்தது. பவளத்தின் தம்பி கோடித் துணி எடுத்துவந்தான், படத்துக்குக் கீழே மடித்து வைத்தான், இந்தத் தடவை சிரிக்கவில்லை. இருபத்தாறு வயசுப் பவளத்தைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள், எண்பத்தாறு வயசில் செத்தவளுக்கு அம்மா என்று. வந்தவர்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். ஒரு வருசம் முன்னால் பிடித்திருக்க வேண்டிய கைகள்.

பெண்கள் வட்டமாய்த் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ருக்கு அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, 'என்னப் பெத்தவளே' என்று ஆரம்பித்தாள், நிறுத்தினாள். இவள் இங்கே யாரையும் பெற்றவள் இல்லை, இவளைப் பெற்றவள்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். 'நான் பெத்த செல்வமே' என்று ஆரம்பித்தாள், அதையும் நிறுத்தினாள். அது பச்சைப் பிள்ளைக்குப் பாடுகிறது, மேளத்துக்கு முன்னால் பாடக்கூடாது. எத்தனை சாவுக்குப் பாடியவள், அவளுக்கே பாட்டு அகப்படவில்லை. அப்போது பவளம், பத்துப் பேர் முன்னால் வாய் திறக்காதவள், வட்டத்துக்குள் வந்து ருக்கு அக்காவின் தோளில் கையைப் போட்டு, "தன்ஷிகா" என்றாள். பேரை மட்டும் சொன்னாள். போன வருசம் முந்தானைக்குள் அமுங்கிப்போன பேர். திரும்பவும் சொன்னாள், கொஞ்சம் இழுத்து. பெண்கள் பின்னாலேயே சொன்னார்கள். அந்தப் பேர்தான் அன்றைக்கு ஒப்பாரி.

மேளம் தொடங்கியது. கொஞ்ச நேரம் சின்னப் பையன்கள்தான் ஆடினார்கள். பிறகு கூட்டம் விலகியது, ஏகாம்பரம் வந்தான். கூடத்துப் படியேறி, படத்துக்கு முன்னால் நின்று, முதல் தடவையாய்ப் பார்த்தான். சட்டைப் பாக்கெட்டில் இருந்து அந்தக் கயிற்றை எடுத்துக் கோடித் துணி மேல் வைத்தான். வெளியே வந்தான். லுங்கியை மடித்துக் கட்டினான். ஆடினான். மீன் பெட்டி தூக்கித் தூக்கி ஒரு பக்கம் சாய்ந்துபோன தோளோடு, கண்ணை மூடிக்கொண்டு, புழுதி கிளம்ப ஆடினான். எண்பத்தாறு வருசம் வாழ்ந்த ஒரு கிழவியை அனுப்புகிற ஆட்டம் அது. அதற்குள்ளேயே, துண்டில் சுற்றித் தூக்கிப் போன நாலு வயசுக்கும் சேர்த்து ஆடினான். மேளக்காரர்களுக்கே கண் கலங்கி அடி தப்பியது.

படத்துக்குள்ளே ஊர்வலம் கிளம்பிவிட்டது என்று வளவன் கத்தினான். எல்லாரும் உள்ளே ஓடினார்கள். பதினோராவது மாடி வாசலில் இருந்து, தரையிலேயே, ஒரு படிகூட இல்லாமல், சரிவாய் இறங்குகிற தெருவில் போனார்கள். கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. கடுகு அளவுக்கு மஞ்சள் மஞ்சளாய்ப் புள்ளிகள், வளவன் வைக்காத புள்ளிகள். பேரன் பேத்திகள் பிடிக்கிற நெய்ப்பந்தம். பவளம் எண்ணினாள். ஐந்து பெரிசு, ஒன்று ரொம்பச் சின்னது. அது தாழ்வாய், தத்தித் தத்தி, யாரோ கையைப் பிடித்து நடத்துகிற மாதிரி போனது. புள்ளிகள் சுற்றிச் சுற்றி இறங்கி, ஆற்றங்கரையைத் தொட்டு, தண்ணீர் ஓரமாகவே போய், படத்தின் விளிம்பில் ஒவ்வொன்றாய்க் காணாமல் போயின. கடைசியாக அந்தச் சின்னதும்.

வளவன் பவளத்தைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். கவிழ்த்துப் போட்ட நாற்காலியை அவன் எடுத்தான், வெள்ளை விட்ட இடத்தில் பேரை எழுதவில்லை. பிரஷில் செம்மண் நிறத்தைத் தொட்டு, அந்த உள்ளங்கை அகலத்தையும் தரையாகத் தீட்டிவிட்டான். காய்ந்தது. பதினோராவது மாடி வாசலில் யாரும் இல்லை. ஒரு கோழி மட்டும் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றது.

கூடத்துக்குள் ஒரே புழுக்கம். பூ வாசனையும் வேர்வையும் கலந்து மூச்சு முட்டியது. பெரியவர்கள் யாருக்கும் நகரத் தோன்றவில்லை. மேளம் நின்றுவிட்டதால் இருபது பிளாக்குப் பிள்ளைகளும் பெரியவர்கள் கால்களுக்கு நடுவே இடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்று இன்னொன்றைக் கிள்ளியது, அது அழுதது, ஒன்று கோடித் துணி மேல் வைத்த கயிற்றை எடுக்கக் கையை நீட்டியது.

பவளம் அந்தக் கையைப் பிடித்தாள்.

"இன்னா இங்கியே கும்பலா நின்னுக்கினு" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "போங்க. வெளிய போய் விளையாடுங்க."

ருக்கு அக்கா வாயில் கையை வைத்தாள். ஏகாம்பரம் நிமிர்ந்து பார்த்தான். பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியாது. சொன்னதுதான் தாமதம், எல்லாம் ஒரே இரைச்சலாய்க் கதவுப் பக்கம் திரும்பி, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஓடின. பவளத்தின் கை நிலையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. கடைசிப் பிள்ளை தாண்டுகிறவரைக்கும் அவள் மூச்சு விடவில்லை.

வாசலுக்கு வெளியே தரைதான் இருந்தது.